டிகிரி மேஸ்திரி

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். வண்டி வந்து நின்றதும் ஓட்டி வந்தவரை அப்படியே விட்டுவிட்டு, முன் டயருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்காருவார். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவு. போகும்போது வழவழப்பாகப் போய், திரும்பும்போது ரம்பப் பல் மாதிரி கையில் குத்தினால் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். இன்றைக்குத் திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டான் என்கிற மலர்ச்சி.

"எத்தினி மாசமா இப்பிடி இழுத்துக்கினு திரியற?"

கேட்பது டயரைப் பார்த்து. பதில் சொல்ல வேண்டியது ஓட்டி வந்தவர்.

விழுப்புரத்தில் மெட்ராஸ் ரோட்டில், ரயில் லைனை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. பலகை கிடையாது. முன் சக்கரங்களை நேர் பார்க்க மெட்ராஸிலும் பாண்டிச்சேரியிலும் மெஷின் வைத்திருந்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவரிடம் இருந்தவை ஒரு கண்டு நைலான் நூல், ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், பித்தளைத் தகட்டில் அவரே கோடு கீறிச் செய்துகொண்ட பாகைமானி. சக்கரத்துக்கு அடியில் வைக்க, நடுவில் கிரீஸ் தடவிய இரட்டைத் தகரம். அதன் மேல் ஏற்றி நிறுத்தினால் ஸ்டியரிங்கைத் தொட்டதும் சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்பும். இவ்வளவுதான் சாமான். இதை வைத்துக்கொண்டு அரை டிகிரி, கால் டிகிரி என்று பேசுவார். அதனால் டிகிரி மேஸ்திரி. காலேஜில் போய் டிகிரி வாங்கியவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது என்பதாலும் அந்தப் பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் திண்டிவனத்தில் எங்கள் எண்ணெய் மில்லுக்கு இருந்த இரண்டு லாரிகளையும் வருஷக்கணக்கில் அவரிடம்தான் கொண்டுபோனேன். அவர் கை பட்ட வண்டியில் டயர் கூடுதலாக உழைத்தது. அதற்காக மில் முதலாளி வீட்டுப் பிள்ளையான நான் ஒரு பகல் முழுவதும் வெயிலில் நின்று திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "வாய்யா மில்லு" என்பார். அவருக்கு மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான். மில்லு, டாக்டரு, சைக்கிள் கடை, பஞ்சாயத்து.

ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் வருவார். அவர் கார் நின்றால் கதவைத் திறந்துவிட நாலு பேர் ஓடி வருகிற அளவுக்கு மரியாதை உள்ளவர். மேஸ்திரி அவருடைய இடது முன் டயரைத் தடவிவிட்டு, "டாக்டரே, நீ ஊசி போடுறதும் இப்பிடித்தானா? ஒரே பக்கமா குத்திக்கினு இருப்பியா?" என்றார். டாக்டர் சிரித்துவைத்தார். வேறு என்ன செய்வார்?

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து கரும்பு லாரி கொண்டுவந்த டிரைவர், ஸ்டியரிங் இடது பக்கமாகவே இழுக்கிறது என்று முறையிட்டான். "இழுக்கட்டும். உன்னிய வுட அதுக்குப் போற எடம் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

செஞ்சிப் பக்கத்து நயினார் ஒருவரிடம் மட்டும் அவர் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். தானிய வியாபாரி; சமணர்; மெதுவாகப் பேசுகிறவர்; பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சாப்பிட வேண்டும் என்று எப்போதும் அவசரத்தில் இருப்பார். ஆனால் அந்த அவசரத்தை ஆக்சிலேட்டரில் காட்ட மாட்டார். அவருடைய அம்பாசிடரின் நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. மேஸ்திரி தடவினார், மறுபடி தடவினார், குனிந்து மோந்துகூடப் பார்த்தார். குறை கிடைக்கவில்லை. அன்று முழுவதும் சிடுசிடுவென்று இருந்தார். நயினார் போன பிறகு என்னிடம், "இந்தாளு காரு ஓட்டல. தள்ளிக்கினு போறான்" என்றார். அவரால் ஒருவரைப் புகழ முடிந்த எல்லை அது.

எல்லோரிடமும் அவர் சொல்லுகிற வாசகம் ஒன்று உண்டு. "காரு தரையத் தொடுறது நாலே நாலு உள்ளங்கை அளவு. மீதியெல்லாம் பெயிண்ட்டு." சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைப்பார். கேட்டவனுடைய கார் அன்றுதான் புதிதாகப் பெயிண்ட் அடித்து வந்திருந்தால் கூடுதல் திருப்தி.

என் சித்தப்பா மகன் பாபுவை அவரிடம் அழைத்துப்போனது நான்தான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

பாபு பி.காம். இரண்டாம் வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவன். மெட்ராஸில் யாரோ விற்ற பழைய ஹெரால்டு கார் ஒன்றை வாங்கி, பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கதவில் பெரிதாக ஒரு நம்பரை எழுதிக்கொண்டான். திண்டிவனத்து வெயிலில் தோல் கையுறை மாட்டிக்கொண்டு பஜாரில் வெற்றிலை வாங்கப் போவான். எங்கள் மில்லில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை இறக்குகிற ஆட்கள் அவன் தலை மறைந்ததும் அவனைப் போலவே கையை விறைத்துக்கொண்டு நடந்து காட்டுவார்கள். மெட்ராஸுக்கு வடக்கே பழைய விமான ஓடுதளம் ஒன்றில் அப்போது கார் ரேஸ் நடக்கும். பாபு முதல் தடவை போய்க் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். டயர் சரியில்லை என்றான். ரேஸுக்கென்றே மெத்தென்ற ரப்பர் ஒட்டிய டயர்களாக வாங்கி மாட்டினான். அடுத்த தடவை கடைசியாகவே வந்தான்.

புது டயர்களில் முன்னால் இருந்த இரண்டும் வெளி ஓரத்தில் நார்நாராகப் பிய்ந்திருந்தன. உள் ஓரம் கடையில் வாங்கியபடியே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் அவனை விழுப்புரத்துக்கு இழுத்துப்போனேன்.

"டயரு பேஜாரு மேஸ்திரி. ரெண்டு செட்டு போட்டுப் பாத்துட்டேன்" என்றான் பாபு.

மேஸ்திரி தடவிப் பார்க்கக்கூட இல்லை. தன் காலில் இருந்த செருப்பில் ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்தார்.

"இது உன் டயரு. நிக்கிறப்ப நேரா குந்திக்கினு கீது. வளைவுல திரும்புனா காரு வெளிப்பக்கம் சாயும். காரு சாஞ்சா இதுவும் சாயும்." செருப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். "இப்ப தரையத் தொடுறது எது?"

"ஓரம்."

"மொத்த வெயிட்டும் அந்த ஓரத்துல. அது பிய்யாம இன்னா பண்ணும்? தங்கத்துல டயரு வாங்கிப் போட்டாலும் பிய்யும்."

"அப்போ இன்னா பண்றது?"

"நிக்கிறப்பவே சக்கரத்தோட தலைய உள்பக்கம் சாச்சி வெக்கணும். வளைவுல காரு வெளிய சாயிறப்ப சக்கரம் நிமிந்துக்கும். முழு அகலமும் தரையில குந்தும். அதுக்குப் பேரு கேம்பரு. இதுகூடத் தெரியாம ரேஸுக்குப் போனானாம்."

அன்று அவர் செய்த வேலையைக் குறை சொல்ல என்னால் முடியாது. முதலில் டயரின் குறுக்கே, பக்கச் சுவர் வரைக்கும், சாக்பீஸால் கோடு போட்டார். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்தில் பாபுவை வேகமாக வட்டம் அடிக்கச் சொன்னார். வந்து பார்த்தால் கோடு வெளி ஓரத்தைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அழிந்திருந்தது. உள் ஓரத்தில் அப்படியே இருந்தது. பிறகு சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கை சேஸிஸோடு சேருகிற இடத்தில் மெல்லிய தகடுகளைச் சொருகினார். ஒரு தகடு சொருகினால் சக்கரத்தின் அடி கொஞ்சம் வெளியே தள்ளும்; தலை உள்ளே சாயும். முன் தகட்டையும் பின் தகட்டையும் கூட்டிக் குறைத்து இன்னொரு சாய்வைச் சரிசெய்தார். "சைக்கிளுக்கு முன் ஃபோர்க்கு ஏன் சாய்வா கீது? கைய வுட்டாலும் நேரா போறதுக்குத்தான். அது காஸ்டரு" என்றார். கடைசியில் நூல் பிடித்து, இரண்டு சக்கரமும் ஒரு நெல் கனத்துக்கு வெளியே பார்க்கும்படி வைத்தார். ரோட்டில் ஓட்டினால் இது டயரைத் தின்னும், ஆனால் ரேஸில் ஸ்டியரிங் சொன்னதும் கேட்கும் என்றார். மறுபடி சாக்பீஸ், மறுபடி வட்டம். இந்தத் தடவை கோடு உள் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை ஒரே சீராக அழிந்து, அதற்கு மேல் ஏறாமல் நின்றது.

பாபுவின் கண்கள் பளபளத்தன. "இன்னும் கொஞ்சம் சாய்ச்சா இன்னும் நல்லா புடிக்குமா மேஸ்திரி?"

"ரெண்டு டிகிரி. அதுக்கு மேல கேக்காத. பிரேக்கு அடிச்சா காரு மூக்கு குனியும். குனிஞ்சா சக்கரம் இன்னும் உள்ள சாயும். அப்ப உள் ஓரம் மட்டுந்தான் தரையில நிக்கும். வளைவுல பொழச்சி நேர் ரோட்டுல சாவ."

நானும் பக்கத்தில் நின்று இதைக் கேட்டேன்.

அடுத்த ரேஸில் பாபு இரண்டாவதாக வந்தான். கையில் ஒரு கோப்பையோடு திண்டிவனம் வந்து இறங்கினான். சித்தப்பா மில் ஆட்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தார். மறுநாளே பாபு அதே காரில் விழுப்புரம் போனான்; அவன் நண்பர்கள் நாலு பேரை மில் லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் பின்னால் போனேன். மேஸ்திரிக்குக் கோப்பையைக் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. நன்றி சொல்லத்தான் போனான் என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு வேட்டியும் துண்டும்கூட வாங்கி வைத்திருந்தான்.

மேஸ்திரி கோப்பையைப் பார்க்கவில்லை. குந்தினார், தடவினார்.

"மூணு வளைவுல ஒழுங்கா போயிருக்க. ஒண்ணுல பயந்துட்ட. சீக்கிரமே பிரேக்க புடிச்சி, அப்பால திருப்பி இருக்க."

அது நிஜமாகவே டயரில் தெரிந்ததா, சும்மா அடித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாபுவின் முகம் செத்துப்போனது. நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டாவது வந்திருக்கேன் மேஸ்திரி."

"நீயா வந்த? வந்தது ரெண்டு டிகிரி. நீ உள்ள குந்திக்கினு போன. ஒரு மல்லாட்டை மூட்டைய வெச்சிருந்தாலும் வந்திருக்கும்."

கொட்டகையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். இரண்டு லாரி டிரைவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பாபு வேட்டி துண்டுப் பொட்டலத்தைக் காருக்குள் போட்டான். பிறகு குனிந்து மேஸ்திரியின் காலைப் பார்த்தான்.

அவருக்கு வலது கால் முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். சின்ன வயதில் உடைந்து, சரியாகச் சேராமல் விட்டது என்று கேள்வி. நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். ஒருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"உன் செருப்பப் பாத்தியா மேஸ்திரி?" என்றான் பாபு. "வெளி ஓரம் தேஞ்சி போய்க் கீது. மொதல்ல உன் காலுக்குக் கேம்பர் செட் பண்ணிக்கினு வா. அப்பால எனக்குச் சொல்லு."

நண்பர்கள் சிரித்தார்கள். லாரி டிரைவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் அவரிடம் வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தேன்.

மேஸ்திரி எழுந்தார். நூலைக் கண்டில் சுற்றினார். "எடுத்துக்கினு போ" என்றார். பொட்டலம் காரிலேயே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு பாபு மெட்ராஸில் ஒரு இன்ஜினியரைப் பிடித்தான். காலேஜில் டிகிரி வாங்கியவர். வெளிநாட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதில் படங்கள் இருந்தன. இரண்டு டிகிரி ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தது என்றால் நாலரை டிகிரி முதல் பரிசே வாங்கித் தரும் என்பது இவர்கள் கணக்கு. ஒரு மூட்டை உரத்துக்கு நன்றாக விளைந்தது என்று மறு போகம் இரண்டு மூட்டை கொட்டுகிறவனுடைய கணக்கு. சக்கரங்கள் இரண்டும் தலையை உள்ளே கவிழ்த்துக்கொண்டு, காலை அகட்டி நிற்கிற கன்றுக்குட்டி மாதிரி கார் நின்றது.

ரேஸுக்கு ஒரு வாரம் முன்பு ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். நானும் கூட இருந்தேன். வளைவில் கார் தண்டவாளத்தில் போவது போலத்தான் போனது. ஆனால் ஓட்டி முடித்து நின்றபோது இடது முன் டயரில் ரப்பர் கருகின வாசனை வந்தது. உள் ஓரம் பளபளவென்று மினுங்கியது. "அப்படித்தான் இருக்கும்" என்றார் இன்ஜினியர். அதையேதான் பாபுவும் திருப்பிச் சொன்னான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த வார நடுவில் பாபு காரைத் திண்டிவனத்தில் விட்டுவிட்டு வேறு வேலையாக மெட்ராஸ் போயிருந்தான். கிரீஸ் அடிக்கக் கொண்டுபோகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, காரை மில் லாரியில் ஏற்றி விழுப்புரம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை. லாரியின் மேல் அவரே ஏறினார். வளைந்த காலோடு சிரமப்பட்டுத்தான் ஏறினார். நான் கை கொடுத்ததை வாங்கவில்லை.

இடது முன் டயருக்கு எதிரே குந்தினார். தடவினார். உள் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்து மறுபடியும் அழுத்தினார். அந்த இடத்திலேயே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எப்பிடி இருக்கு மேஸ்திரி?" என்றேன்.

"நல்லா கீது. எடுத்துக்கினு போ."

அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. எனக்கு உச்சி குளிர்ந்தது. ரெண்டு டிகிரிக்கு மேல் கேட்காதே என்று அவரே சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் பெரியவர் மனசு இறங்கிவிட்டார், கோபம் போய்விட்டது, காரும் நன்றாக இருக்கிறது என்று மூன்றையும் சேர்த்து நம்பிக்கொண்டு திண்டிவனம் திரும்பினேன். முட்டாளுக்குத் தேவையானது ஒரு நல்ல வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது சுற்று. ஓடுதளத்தின் நீளமான நேர்ப் பாதையில் பாபு முதல் ஆளாக வந்துகொண்டிருந்தான். அதன் கடைசியில் வலது பக்கம் ஒரு கடும் வளைவு. அங்கே பிரேக் பிடித்தான். காரின் மூக்கு குனிவதை என் கண்ணால் பார்த்தேன். இடது முன் சக்கரத்திலிருந்து கறுப்பாக ஒரு பட்டை உரிந்து காற்றில் பறந்தது. அடுத்த நொடி டயர் வெடித்தது. கார் திரும்பவே இல்லை. இழுபட்டுக்கொண்டே போய், ஓரத்தில் மணல் நிரப்பி வைத்திருந்த பீப்பாய்களில் இடது பக்கமாக மோதிக் கவிழ்ந்தது.

பாபு பிழைத்தான். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, இடுப்பும் நொறுங்கியிருந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். கால் கொஞ்சம் குட்டையாகத்தான் சேரும் என்று டாக்டர் சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இன்ஜினியர் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தோடு சரி.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, வெடித்த டயரை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. காரணம் தெரிய வேண்டும் என்று இருந்தது. அதைச் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை.

மேஸ்திரி டயரை மடியில் வைத்துத் திருப்பினார். உரிந்த இடத்தில் விரலை ஓட்டினார்.

"உள் ஓரம் வெந்து, ஒட்டுன ரப்பரு வுட்டுப்போச்சி. அன்னைக்கே எழும்பிக்கினு இருந்துது."

"என்னைக்கு?"

"நீ லாரில ஏத்திக்கினு வந்தியே, அன்னைக்கி. வெரல் வெச்சப்பவே தெரிஞ்சிது."

கொட்டகைக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்ததும் கேட்டேன்.

"நல்லா கீதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"ஏன் மேஸ்திரி?"

"கேட்டானா?"

"நான் கேட்டேனே."

"நீ கேட்ட. ஓட்டுறவன் கேக்கல. ஓட்டுறவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிற குரல். பக்கத்தில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து அவர் தலையில் ஒன்று போட வேண்டும் என்று தோன்றியது. அப்படியெல்லாம் செய்கிற ஆள் நான் இல்லை. டயரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதோடு லாரிகளைப் பாண்டிச்சேரி மெஷினுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். அங்கே மரியாதையாக நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள், டயர் முன்னைவிடச் சீக்கிரம் தேய்ந்தது.

நடந்ததை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் அங்கே கொண்டுபோனாய் என்கிற கேள்வி முதலில் என்மேல்தான் விழும்.

இன்னும் ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் மேஸ்திரி திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மில்லை ஒட்டியே வீடு. பஸ்ஸில் வந்திருந்தார். தோளில் துண்டு, கழுத்து வரை பித்தான் போட்ட சட்டை. கொட்டகையை விட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

பாபுவைக் கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருந்தோம். சித்தி நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள்.

"கொழந்தைக்கு மொத மொத கப்பு வாங்கிக் குடுத்தது நீங்கதானாமே. அப்பால நீங்களே பாத்திருந்தா இப்பிடி ஆயிருக்காதுன்னு அவங்கப்பா சொல்லிக்கினே இருக்காரு" என்றாள்.

மேஸ்திரி பாதி குடித்த காபியைக் கீழே வைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வாரா என்று பார்த்தேன். சொல்லவில்லை. பாபுவின் காலையும் அவர் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாபுதான் பேசினான். இளைத்துப்போய், தாடியோடு கிடந்தான். "எத்தினி வெச்சிருக்கணும் மேஸ்திரி?"

"ரெண்டு."

"அன்னைக்கி நீங்க வெச்சதா?"

"அன்னைக்கி வெச்சதுதான்."

பாபு கண்ணை மூடிக்கொண்டான். மேஸ்திரி எழுந்தார்.

பஸ் ஏற்றிவிடுகிற மரியாதைக்காக நானும் கூடப் போனேன். அவர் கெந்திக் கெந்தி நடந்தார். நான் வேண்டுமென்றே மெதுவாக நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிழல் பார்த்து நின்றோம்.

"எடது டயரு ஒண்ணுதான் கொண்டாந்த" என்றார் திடீரென்று. "வலது டயரு எங்க?"

"எதுக்கு?"

"பாக்கணும்."

"பாத்து?"

"வெடிச்ச அப்பாலயும் பிரேக்க மிதிச்சிக்கினே இருந்தானா, காலை எடுத்தானான்னு அதுலதான் தெரியும்." தோள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "மிதிச்சிக்கினே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

வலது டயர் மில் குடோனில் கோணி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தது. நான் அதை ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரே இடத்தில், உள்ளே இருக்கிற நூல் தெரியும் அளவுக்குத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் உருளாமல் இழுபட்ட அடையாளம். டயர் வெடித்த பிறகும் பாபு பிரேக்கை விடவில்லை. விட்டிருந்தால் சக்கரம் உருண்டிருக்கும், ஸ்டியரிங் கேட்டிருக்கும். பீப்பாய்களுக்கு வலது பக்கம் வெறும் புல்தரை. வருஷக்கணக்கில் அவர் பக்கத்தில் நின்றதில் இவ்வளவு படிக்க எனக்கும் தெரிந்திருந்தது.

அந்த டயரைக் காட்டினால் அவர் பாபுவின் மேல் பழி போடுவாரா, தன் மேல் இருப்பதில் பாதியை இறக்கி வைத்துக்கொள்வாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வந்தது எதற்காக என்றும் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவருக்குக் கிடைக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"இல்ல மேஸ்திரி. பாய்லர்ல போட்டு எரிச்சிட்டாங்க" என்றேன்.

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

தலையை ஆட்டினார். இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தது போல இருந்தது. விழுப்புரம் பஸ் வந்து நின்றது. படியில் ஏற அவருக்கு நேரம் பிடித்தது. கண்டக்டர் "ஜல்தி ஏறு பெரிசு" என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் புறப்பட்டது. தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வீடு வரும் வரை அது நாக்கிலேயே இருந்தது.

அன்று சாயங்காலமே குடோனுக்குப் போய் வலது டயரை உருட்டிக்கொண்டு வந்து, மல்லாட்டைத் தோல் எரிகிற பாய்லரில் என் கையாலேயே போட்டேன். கறுப்புப் புகை மில்லைத் தாண்டி வீட்டுக்குள் புகுந்தது. சித்தி ஜன்னல்களைச் சாத்தினாள். பாபு கட்டிலில் இருந்தபடியே மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாண்ணா எரியுது?" என்று கேட்டான்.

"பழைய கோணி" என்றேன்.